ரிங்குக்குள் விழுந்த துண்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவன் நான். காலேஜ் படிக்கும் மகள் குத்துச்சண்டையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரத்தில் முதல் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டி. அவள் ஜெயிக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அவள் மேல் ஒரு அடி விழக்கூடாது என்றும் கும்பிட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சாமிதான் என்ன செய்யும்?

என் பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் படம் போட்டாள். எப்போதோ பேப்பரில் வந்த சித்திரக் கதையை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படமாம். சூதுவாது தெரியாத ஒரு குத்துச்சண்டைக்காரன். அடி வாங்கினாலும் எதிராளியைத் தாங்கிப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா நைனா, சிரிப்பே வரலியா?"

"அவனுக்கு வலிக்குமேம்மா."

"அய்ய, அது காமெடி நைனா!"

கடைசியில் அவனைக் கூட்டி வந்தவர் பார்க்கப் பொறுக்காமல் ரிங்குக்குள் துண்டைத் தூக்கிப் போட்டார். சண்டை நின்றது. "துண்டு உள்ள விழுந்தா தோத்துட்டோம்னு அர்த்தம்" என்றாள். அந்த ஒன்றுதான் எனக்கு மனசில் நின்றது.

போட்டியன்று மனைவியைக் கடையில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டாவது ரவுண்டில் மகளின் மூக்கில் ஒரு குத்து, ரத்தம். என் தோளில் கிடந்த துண்டு கயிற்றைத் தாண்டிப் போய் அவள் காலடியில் விழுந்தது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். "அது எங்க துண்டு இல்ல சார்" என்று அவள் கோச் கத்தினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்காரிக்கு சீட்டு புடிக்கலாம்னு போட்டேன் சார், தவறிடுச்சு" என்றேன்.

ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஊர்க்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? அத்தனை பேரும் சிரித்தார்கள். நடுவரும் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து வெளியே போட்டு, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். வீட்டுக்காரி செஞ்சியில் டீ ஆற்றிக்கொண்டிருப்பது என் மகளுக்குத் தெரியும். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு அடி விழும்போதும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரும்பிய நேரமெல்லாம் இன்னும் அடி வாங்கினாள். பாயிண்டில் தோற்றுப்போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அனந்தபுரம் தாண்டும்வரை அவள் மூக்கில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். நான்தான் பொறுக்க மாட்டாமல், "கோவமாம்மா?" என்றேன்.

"இல்ல நைனா. அடுத்த மேட்சுக்கு நீ வராத."

"ஏம்மா?"

"என் பயத்த அடக்கவே எனக்குத் தெம்பு பத்தல. உன்னுதையும் சேத்து எப்படி அடக்குவேன்?"

அவளுக்கும் பயமாக இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.