நாற்பத்தொரு கிணறுகளின் உப்பு

கழிமுகத்தை ஒட்டிய தெருக்களில் அவளுக்கு உப்புக்காரி என்று பெயர். வைத்தவர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துவந்த ஒரு விதவை. சுற்றுச்சூழல் அறிவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவள், மாதம் ஒருமுறை அங்கிருந்த நாற்பத்தொரு கிணறுகளுக்கும் போவாள். கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்து, உப்பளவு காட்டும் கையடக்கமான மீட்டரை அதில் முக்கி, காட்டும் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வாள். பதினேழாவது கிணறு தையல்காரம்மாவுடையது.

“இந்த மாசம் என் கிணத்துக்கு எவ்வளவு மார்க்?”

“போன மாசத்தவிடக் கொஞ்சம் கூட.”

“பாஸா?”

“இதுல மார்க் கூடினா ஃபெயிலும்மா.”

தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த ஊசி விழும் அளவுக்குச் சிரித்தார்.

ஐந்து வருடம் அப்படி அளந்தாள். கடல்நீர் மண்ணுக்கடியில் மெல்ல உள்ளே வருகிறது, பெரிய மோட்டார் வைத்து யாராவது நிலத்தடி நீரை இழுத்தால் மூன்றே வருடத்தில் கிணறுகள் கரித்துப்போகும் என்பது அவள் கண்டது. முப்பத்தொரு வயதில் முனைவர் பட்டம் கிடைத்தது. பஸ் டிரைவரான அப்பா டிப்போவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்குத்தான் சங்கடம். “டாக்டர் பட்டம்னு சொன்னா, ஊசி போடுவாளான்னு கேக்கறாங்க.”

வேலைதான் அமையவில்லை. கல்லூரிகளில் புதிதாக ஆள் எடுப்பது நின்றிருந்தது. ஆறு மாதத் திட்டங்களில் ஒட்டிக்கொண்டாள். ஒன்றில் ஏரிப் பறவைகளை எண்ணினாள், ஒன்றில் ஒரு தெருவின் குப்பையைத் தரம் பிரித்து எடை போட்டாள், இன்னொன்றில் மத்தியான வெயிலில் மொட்டைமாடிகளின் சூட்டை அளந்தாள். நேர்காணல் ஒன்றில் அதிகாரி அவளுடைய தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதை வச்சுக்கிட்டு எங்களுக்கு என்ன செய்வீங்க?” என்றார். கூடப் படித்தவர்களில் ஒருத்தி வங்கிக்குப் போனாள், ஒருவன் சூரிய மின்தகடு விற்றான். அப்பா பக்கவாதத்தில் விழுந்து வலது கை வராமல்போன வருடம், அவள் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாள்.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு, அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை தயாரித்துக் கொடுப்பார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: “நம்ம வேலை தடுக்கறது இல்லம்மா. தாக்கல் பண்றது.”

நாலாவது வருடம் ஒரு இறால் பண்ணையின் கோப்பு வந்தது. வரைபடத்தைப் பார்த்ததும் அது அந்தக் கழிமுகம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பண்ணை தோண்டப்போகும் ஆறு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தையல்காரம்மா வீடு கூப்பிடு தூரம். தன் ஐந்து வருட அளவுகளை அறிக்கையோடு சேர்த்துக் கொடுத்தாள். மேனேஜர் பொறுமையாகப் படித்தார்.

“அருமையான வேலை. ஆனா பழசு. விதிப்படி புதுசா அளந்ததுதான் செல்லும்.”

“அப்ப ஒரு வருஷம் அளக்கறேன் சார்.”

“ஒரு மாசம் போதும். இந்த மாசம்.”

மழைக்காலம் முடிந்து, மழைநீர் ஊறிக் கிணறுகளில் உப்புக் குறைந்திருந்த மாதம் அது. வருடத்திலேயே கிணறுகள் இனிப்பாக இருக்கும் மாதம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. போய் அளந்தாள். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. பாதிப்பு இல்லை என்று முடிந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

மக்கள் கருத்துக் கேட்பு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேடையில் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஆள் எழுந்து கத்தினார்கள். நடுவில் தையல்காரம்மா எழுந்தார்.

“கொஞ்சம் இருங்கப்பா. அங்க உக்காந்திருக்கறது நம்ம உப்புக்காரி. அஞ்சு வருஷம் வெயில்ல அலைஞ்சு நம்ம கிணத்தைப் பாத்தவ. இதை அவதான் எழுதியிருக்கான்னா எனக்குப் பயமில்ல.” பிறகு மேடையைப் பார்த்து, “நீயே சொல்லிடும்மா. தண்ணி தாங்குமா?” என்றார்.

மண்டபம் அடங்கிப்போனது. வீட்டுக் கட்டிலில் அப்பா இடது கையால் சோறு எடுத்துச் சிந்துவது ஏனோ அவள் நினைவுக்கு வந்தது.

“அறிக்கையில இருக்கற அளவெல்லாம் சரிதாம்மா” என்றாள்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் கூட்டம் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டது. தையல்காரம்மா திருப்தியாக உட்கார்ந்தார். திரும்பும் வழியில் வேனில் மேனேஜர், “இன்னைக்கு நம்மளக் காப்பாத்தினது நீதான்” என்றார்.

பண்ணைக்கு அனுமதி கிடைத்தது. அவளால் தூங்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு, தன் ஆய்வேட்டின் நகலோடு அனுமதி தந்த அலுவலகத்துக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினாள். மூன்று வரியில் பதில் வந்தது. பாதிப்பு இல்லை என்ற அறிக்கையில் கையொப்பமிட்டவர் தாங்களே என்பதால், தங்களது மாற்றுக் கருத்தைப் பரிசீலிக்க இயலவில்லை.

மூன்று வருடம் கழித்துத்தான் அந்தத் தெருவுக்குப் போகத் துணிவு வந்தது. கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். வாசலில் தண்ணீர்க் கேன்கள். தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை.

“என்னை மன்னிச்சிருங்கம்மா.”

“நீ சரியாத்தானே அளந்தே.”

குத்திக் காட்டுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தைத்துக்கொண்டிருந்த துணியைத் திருப்பிப் போட்டார். “அன்னைக்கு எந்திரிச்சு நின்னு பேசினது நான். இந்தத் தெருவுல இப்ப எனக்கு யாரும் துணி தர்றதில்ல. இது பக்கத்து ஊர்த் துணி.” அவளை உட்காரச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கேன் தண்ணீர் நிரப்பும் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. கழிமுகத் தெருக்களுக்கும் அந்த ஆலை வண்டிதான் போகிறது. போன மாதம் அவள் படித்த துறையிலிருந்து ஒரு கையேடு தபாலில் வந்தது. எங்கள் மாணவர்கள் இன்று எங்கே என்ற பக்கத்தில் அவள் படமும் இருந்தது, கீழே ‘குடிநீர்த் துறை வல்லுநர்’ என்று போட்டிருந்தார்கள். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நல்லாத்தானே போட்டிருக்காங்க. அப்பா இருந்திருந்தா டிப்போவுக்குக் கொண்டுபோயிருப்பாரு.”

“ம்” என்றாள். மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.