தண்ணீர்க் கேன் எந்தப் பக்கம்

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். மற்ற நேரங்களில் இராணுவ வண்டிகளைச் சிறிய உருவில் செய்கிறேன். நிஜத்தில் முப்பத்தைந்து அடி நீளமான வண்டி என் மேசையில் ஓர் அடியாக நிற்கும். பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் வரும். ஒட்டி நிறம் பூசுவதற்கு ஒரு வாரம் போதும் என்பார்கள். எனக்கு எட்டு, ஒன்பது மாதங்கள் பிடிக்கும். கதவுக் கைப்பிடி அந்தக் காலத்தில் எந்த வடிவில் இருந்தது, டயரின் வெட்டுகள் எந்தத் திசையைப் பார்த்தன என்பதை உறுதிசெய்யாமல் நான் பசையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு முடிவையும் எந்தப் படத்தைப் பார்த்து, எந்தத் திகதியில் எடுத்தேன் என்று கொப்பியில் எழுதிவைப்பேன்.

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம் சேர்," என்பார் எங்கள் கணித ஆசிரியர். "ஆமிக்காரனே அந்த லொறிய பழைய இரும்புக்குப் போட்டுட்டான். நீங்க இன்னும் டயர் மாத்திக்கிட்டு இருக்கீங்க."

போன வருடம் ஜனவரியில் பண்டாரவளையில் நடந்த ஒரு கண்காட்சியில் நான் செய்த இராணுவ லொறியை வைத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை. தொப்பி போட்ட ஒரு பெரியவர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு என்னைத் தேடி வந்தார்.

"மாஸ்டர், எல்லாம் சரி. ஒரு சாமானக் காணல்ல."

அதுவரை என் வண்டியில் யாரும் குறை கண்டதில்லை. என்ன என்று கேட்டேன்.

"தண்ணிக் கேன் வைக்கிற இரும்புச் சட்டம். எங்கட எட்டு லொறிக்கும் பட்டறையில அடிச்சுப் பூட்டினாங்க. இடப்பக்கம், கதவுக்குப் பின்னால."

அவர் இராணுவத்தில் லொறிச் சாரதியாக இருந்தவர். இப்போது ஹல்துமுல்லையில், பிரதான வீதியோரம் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் அவரை நானா என்று கூப்பிடத் தொடங்கினேன். அடுத்த ஞாயிறே கொப்பியோடு அவர் கடைக்குப் போனேன். அவர் மனைவி பிளேன்டீயும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுவந்து வைத்தார். அன்றுதான் நானா அந்தக் கதையைச் சொன்னார்.

வடக்கில் ஒரு வீதியில் லொறி கொதித்து நின்றுவிட்டது. வலப்பக்கம் பற்றைக்காடு. இடப்பக்கம் உயரமான மண்மேடு. நானா இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி, "தண்ணி கொண்டு வாடா" என்று கத்தினார். லொறியின் பின்னால் இருந்த கூட்டாளி குதித்து இறங்கினான். கேன் சட்டத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு பற்றைக்காட்டிலிருந்து வெடிச் சத்தம். தலையை நிமிர்த்தியபோது கூட்டாளி முன் சக்கரத்தருகே விழுந்து கிடந்தான். எந்தப் பக்கமாக நடந்து வந்தான் என்பதை நானா பார்க்கவில்லை.

"கேன் இடப்பக்கம்தானே. அப்ப மண்மேட்டுப் பக்கமாத்தான் வந்திருக்கணும். லொறி மறச்சிருக்கும். முன்னால வந்ததும்தான் பட்டிருக்கு. அவன்ட உம்மாக்கிட்ட அப்பிடித்தான் சொன்னேன். மறைவான பக்கமாத்தான் அனுப்பினேன் அம்மான்னு."

அந்த அம்மா மொனராகலையில் ஒரு சிங்களக் கிராமத்தில் இருக்கிறார். ஒவ்வொரு ஒக்டோபரிலும் மகன் நினைவாகப் பிக்குகளுக்குத் தானம் கொடுப்பார். அதற்கு முதல் நாளே பஸ் ஏறிப் போய்விடுவார் நானா. "எப்பிடி லொறின்னு ஒரு தடவ கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல்ல. ஒண்ணு செஞ்சு தாங்க மாஸ்டர். இந்த முறை கொண்டு போறேன்."

ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒரு சட்டத்தை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கென்று இணையத்தில் குழுக்கள் இருக்கின்றன. ஏப்ரலில், சித்திரை விடுமுறையின் கடைசி நாளில், அங்கே ஒரு படம் கிடைத்தது. லொறி பின்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தது. பின் பலகையில் வெள்ளை முக்கோணம். படங்குத் துணி முன்வரை மூடியிருந்ததால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு சிப்பாய் சாய்ந்து நின்றான். சட்டமும் கேனும் தெளிவாகத் தெரிந்தன, வலப்பக்கத்தில்.

நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முக்கோணத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எங்கட லொறிதான்! இந்த முக்கோணம் எங்கட எட்டு லொறிக்கும் போட்ட அடையாளம்." பிறகு கேனைப் பார்த்தார்.

"இடப்பக்கம்தானே இருந்திச்சு..."

"முப்பது வருஷமாச்சுங்க நானா. ஞாபகம் மாறும். படம் பொய் சொல்லாதுங்க."

அதை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் படத்தை மேசையில் வைத்துவிட்டு, கடைக்கு வந்தவருக்குப் பருப்பு நிறுக்கப் போனார். திரும்பி வந்து, "அப்ப வலப்பக்கமே வைங்க மாஸ்டர்," என்றார். என் கொப்பியில் அன்றைய திகதியோடு ஒரு வரி இருக்கிறது: சட்டம் வலப்பக்கம், சாரதியும் ஏற்றுக்கொண்டார்.

அதே வகை லொறியை முன்பே செய்திருந்ததால் இது சீக்கிரம் முடிந்தது. ஜூனில், பொசன் போயா விடுமுறைக்கு அடுத்த நாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பருப்பு மூட்டைகளுக்கு மேல் இருந்த தட்டில் வைத்தார். நன்றி சொன்னார். முன்பு போலக் கதை சொல்லவில்லை. வாசல்வரை வந்த அவர் மனைவிதான், "இப்ப சரியாத் தூங்கிறதில்ல மாஸ்டர். வலப்பக்கம், வலப்பக்கம்னு பொலம்புறார்," என்றார். கேன் வலப்பக்கம் என்றால், அவர் கூட்டாளியை அனுப்பியது பற்றைக்காட்டுப் பக்கமாக. என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் படம் படம்தானே என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒக்டோபர் முதல் வாரம் அதே குழுவில் அதே படத்தை வேறொருவர் முழுமையாகப் போட்டிருந்தார். என் படத்தில் வெட்டப்பட்டிருந்த ஓரத்தில் ஒரு கடையின் பெயர்ப்பலகை. எழுத்துகள் நேராக இருந்தன. கேன் இடப்பக்கத்தில் இருந்தது. என்னிடம் இருந்தது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்ட படம்.

கொப்பியைப் புரட்டினேன். ஏப்ரல் குறிப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது: சிப்பாயின் கடிகாரம் வலக்கையில், இடக்கைக்காரராக இருக்கலாம். பார்த்திருக்கிறேன். குறித்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன்.

தானத்துக்கு முதல் நாள் பாடசாலைக்கு விடுமுறை போட்டேன். சிறிய கத்தி, பசை, இரண்டு படங்களின் பிரதிகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஹல்துமுல்லையில் இறங்கினேன். நானா மொனராகலைக்குப் புறப்படுமுன் பிடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். அவர் பயண உடுப்பில்லாமல், வீட்டில் கட்டும் சாரத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்ப்பலகையைக் காட்டினேன். கடிகாரத்தைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"படம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது என் பிழைங்க நானா. அந்தப் படத்த யாரோ திருப்பிட்டாங்க."

"போன்ல எதையும் திருப்பலாம். என்ட மகனும் திருப்புவான்." பிரதியை என்னிடமே தந்தார். "என்ட பொண்சாதி ஒங்கக்கிட்ட ஏதோ சொல்லியிருக்கா. நீங்க நல்ல மனுஷன் மாஸ்டர், என்னத் தேத்தப் பார்க்கிறீங்க. அதுதான் நம்ப முடியல்ல."

"சத்தியமாங்க. நீங்க சொன்னதுதான் சரி. மொதல் நாளே சரியாச் சொன்னீங்க."

"இருக்கலாம். ஆனா இப்ப கண்ண மூடினா அவன் வலப்பக்கமா வாரான். பூட்ஸ் சத்தமும் கேக்குது."

"நீங்கதான் பார்க்கவே இல்லைன்னீங்களே."

"அப்ப பார்க்கல்ல. இப்ப பார்க்கிறேன்."

இதற்கு எந்தப் படத்தைக் காட்டுவது? தட்டிலிருந்து லொறியை இறக்கிக் கேட்டேன், மாற்றட்டுமா என்று. "மாத்துங்க," என்றார், ஒரு குழந்தை அடம் பிடிப்பதைச் சகிப்பவர்போல். கத்தியால் சட்டத்தை நெம்பி எடுத்தேன். அது இருந்த இடத்தில் நிறம் உரிந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. இடப்பக்கம் ஒட்டி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். முடித்து அவர் முன்னால் வைத்தேன். லொறியைப் பார்த்தார். அவர் கண் போய் நின்றது அந்த வெள்ளைத் தழும்பில்தான்.

"மொனராகல பஸ் எத்தன மணிக்குங்க நானா? நானும் கூட வாரேன். நானே அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்றேன்."

"என்னத்தச் சொல்வீங்க?"

அப்போது உள்ளே தொலைபேசி அடித்தது. அவர் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, திரையை அவருக்குக் காட்டினார். நானா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

அவர் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று சிங்களத்தில் பேசினார். வீட்டுக்காரர் அவசரமாகக் கொழும்புக்குப் போய்விட்டார் அம்மா, இந்த முறை வர முடியாது என்றார். மறுமுனையில் அந்த அம்மா நிறையக் கேட்டிருக்க வேண்டும். இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகமாகத்தான் இருக்கிறார் என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.