என் நைனா பிணமாக நடித்த படம்

என் நைனா முதல் முறை செத்தது நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது. அதுவும் மதிப்பெண்ணுக்காக. சாகச் சொன்னவர்கள் நானும் என் வகுப்புத் தோழனும்.

நான் படித்தது ஒப்பிலக்கியமும் திரைப்படமும். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதைத் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கதைப் புத்தகத்தையும் சினிமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். "அத்த இங்கியே பார்க்கலாமே, இன்னாத்துக்குப் பாரிமுனை போய் பஸ்ஸு மாறி, கூட்டத்துல நசுங்கிகினு போற?" என்று கேட்டாள். அம்மா ராயபுரத்தில் ஒரு இறால் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐஸ் தண்ணீரில் கை.

நைனா நேர் எதிர். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டுபவர், ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வருவதற்கு முன் மேட்னிக்குப் போய்விடுகிற ஆள். "எம் பொண்ணு சினிமாவுக்குப் படிக்கிறா" என்று டீக்கடையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் நடிக்கப்போகிறேன் என்றே பாதித் தெரு நம்பியது. வேறு சிலர் என் முகத்தைப் பார்த்து அவரை அனுதாபத்தோடு விசாரித்தார்கள்.

வகுப்பில் நிலைமை வேறு. திரையில் யாராவது "இன்னா நைனா" என்று வாய் திறந்தால் போதும், வகுப்பே சிரிக்கும். ரவுடிக்கும் கோமாளிக்கும்தான் சினிமாவில் எங்கள் பேச்சு என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னோடு சேர்ந்து சிரிக்காத ஒருவன் அந்தத் தோழன். தெற்கே ஒரு பலசரக்குக் கடைக் குடும்பத்துப் பையன். சிரிக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, அவனுக்கு அந்தப் பேச்சு பாதி புரியாது.

கடைசிப் பருவத்தில், படித்த கதைகளில் வருகிற சாவுக் காட்சிகளை ஒப்பிட்டு எழுதுவதோடு, இருவர் இருவராகச் சேர்ந்து சொந்தமாக ஒரு சாவுக் காட்சியும் எடுக்க வேண்டும் என்றார் பேராசிரியை. எனக்கு ஜோடி அந்தத் தோழன். அவன் ஏற்கெனவே ஒருமுறை எங்கள் பக்கம் வந்து ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுப் பேயறைந்தவன் போல நின்றிருக்கிறான். மேளம், பூப்பல்லக்கு, விசில், ஆட்டம். அதையே எடுப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றான். நானும் சரி என்றேன். எங்கள் பக்கத்தை எங்கள் ஆட்களை வைத்தே எடுத்தால் வகுப்பு எப்படிச் சிரிக்கிறது பார்க்கலாம் என்று எனக்கு ஒரு வீம்பு.

பந்தல் கிடைத்தது, நாற்காலி கிடைத்தது, மேளக்காரர்கள் கிடைத்தார்கள். பிணம்தான் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் பாடையில் படுப்பதா என்று தெருவில் ஒருவர் விடாமல் மறுத்துவிட்டார்கள். நைனா மட்டும் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சினிமாவில் செத்த மாதிரி நடித்தவனை, எல்லாம் முடிந்த பிறகு சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள், இல்லையென்றால் தோஷம். அதை எடுத்தே தீர வேண்டும். இன்னொன்றையும் அவராகவே சொன்னார். "உங்கம்மாக்கு மட்டும் தெரியக் கூடாது. நெசமாவே கொன்னுடுவா."

அதனால் அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். நைனாவைப் படுக்கவைத்து, நெற்றியில் நாணயம் ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டினோம். மேளச் சத்தத்தில் பேச்சு எதுவும் பதிவாகாது என்பதால் தோழன் அவர் கழுத்து மாலைக்குள் ஒரு சின்ன மைக்கைச் செருகினான். கட் சொல்கிறவரை அசையக் கூடாது என்றான். நைனா கண்ணை மூடியபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எங்கள் தெருவுக்கு விஷயம் தெரியும். அடுத்த தெருவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பந்தலும் மேளமும் கண்டால் யார், என்ன என்று கேட்கிற வழக்கம் கிடையாது. ஒரு மாலையை வாங்கிக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான். அப்படியே வந்தார்கள். நைனாவோடு வேலை பார்க்கிற ஒருவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து, காலடியில் நின்று மூக்கைச் சிந்தினார். தோழனுக்கு ஒரே சந்தோஷம். இதைக் கேட்டு வாங்க முடியுமா என்று என் காதில் சொன்னான்.

கன்டெய்னர் லாரிகள் தெருவுக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நான் முனையில் நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றதையும், அதிலிருந்து அம்மா இறங்கியதையும் பார்த்தேன். கம்பெனி ஏப்ரன் இன்னும் இடுப்பில் இருந்தது, காலில் செருப்பு இல்லை. பிற்பகல் வேலைக்குப் போன பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறாள். வழக்கப்படி யார் என்று சொல்லவில்லை. நான் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் என் குரலைக் கேட்டதாகவே தெரியவில்லை.

நெருங்கிய சொந்தம் வந்தால் மேளக்காரர்கள் எதிரே போய் வேகம் கூட்டி அடிப்பார்கள். அவர்களுக்கு அவள் யார் என்று தெரியும், நடிப்பு என்றும் நினைத்துவிட்டார்கள். கூட்டம் வழிவிட்டது. நான் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போவதற்குள் அம்மா நைனாவின் மேல் விழுந்து கிடந்தாள். மார்பில் மார்பில் அடித்துக்கொண்டு, அவர் காதோரம் முகத்தை வைத்து ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். என் அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தோழன் கேமராவை இறக்கவில்லை. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவன் என்னைத் தோளால் தள்ளிவிட்டுக்கொண்டே எடுத்தான். நைனாவும் அசையவில்லை. மனுஷனுக்கு நடிப்பு வெறி தலைக்கேறிவிட்டது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

கடைசியில் நானே மேளத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினேன். சத்தம் நின்றதும் நைனா கண்ணைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நைனாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். நெற்றியிலிருந்த நாணயம் தெறித்து விழுந்தது. தெருவே சிரித்தது. அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு நைனாவை உட்காரவைத்துச் சிரிப்பு ஷாட் எடுக்கப் பார்த்தோம். எத்தனை முறை முயன்றும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வர்ல கண்ணு, வுட்டுடு" என்றார். அடி பலமாக விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் எனக்கு நிம்மதி இல்லை. அந்த அழுகையைப் படத்தில் வைப்பதா, அழிப்பதா என்பதே பேச்சு. அம்மா என்னைத் திட்டவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "அத்த அழிச்சிட்டியா?" என்பாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி அதே கேள்வி. ஒருநாள், "நான் பேசினது அதுல கேக்குதா?" என்றாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். நான் அதுவரை கேமராவின் சொந்த மைக்கில் பதிவான ஒலியோடுதான் பார்த்திருந்தேன். "அப்பவும் அழிச்சிடு. நாலு பேரு பார்க்கிற எடத்துல எம் மானத்த வாங்காத" என்றாள். நியாயம்தானே என்று எனக்குப் பட்டது.

நைனா வேறு ராகம் பாடினார். "எனக்கு ஒரு தபா போட்டுக் காட்டு. நல்லா சத்தத்தோட." தனக்காகப் பொண்டாட்டி இப்படி அழுததைப் பார்த்து ரசிக்க மனுஷனுக்கு ஆசை என்று எரிச்சலாக வந்தது. "போ நைனா, வேற வேல இல்ல" என்று விரட்டினேன். மறுநாளும் கேட்டார்.

பேராசிரியையிடம் போனால் அவர் தீர்த்துவைப்பார் என்று நம்பினேன். தொகுக்காத காட்சியைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவை எங்கே பிடித்தீர்கள்? எவ்வளவு அசலாக நடிக்கிறார்" என்றார். நடிக்கவில்லை, அவள் என் அம்மா, உண்மை என்று நினைத்துவிட்டாள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். "அப்படியென்றால் கட்டாயம் வையுங்கள்" என்றார். மென்மையான குரலில்தான் சொன்னார். சாவைப் பற்றி இரண்டு வருடம் அவர் நடத்திய பாடம் முழுவதும் எனக்கு அந்த இடத்திலேயே வெறுத்துப்போயிற்று.

தோழன் அதற்குமேல். இந்த ஒரு காட்சி இல்லையென்றால் படமே இல்லை என்றான். அம்மா பேசுவதற்குத் திரையின் கீழே எழுத்து போட வேண்டும், நைனாவின் மாலைக்குள் இருந்த மைக்கின் ஒலி அதே டேப்பில் தனித் தடத்தில் பதிவாகியிருக்கிறது, அவனுக்கு எங்கள் பேச்சு பிடிபடவில்லை, நான் கேட்டு எழுதித் தர வேண்டும். இவனோடு சண்டை போட்டே அழித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் எடிட்டிங் அறைக்குப் போனேன். அழிப்பதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன்.

மேளம் எங்கோ தூரத்தில் கேட்டது. அம்மாவின் மூச்சு என் காதுக்குள் கேட்டது.

"யோவ், எந்திரிய்யா. எம் மாருல கட்டி கீதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆவுதேய்யா. உன்னாண்ட சொல்லலயே. பொண்ணு படிப்பு முடியட்டும்னு வாய மூடிக்கினு இருந்தேனே. நான் போனாலும் நீ கீற, அவளப் பார்த்துக்குவன்னு இருந்தேனே. நீ முந்திக்கினியே. நானும் போய்ட்டா அவளுக்கு யாருய்யா கீறாங்க?"

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. முடிந்ததும் மறுபடி ஓடவிட்டேன். அதே வார்த்தைகள்தான். சாவு வீட்டில் பெண்கள் உயிரோடு இருந்தவரிடம் சொல்லாததையெல்லாம் பிணத்திடம் சொல்லி அழுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தானே. என் அம்மாவும் அப்படிச் சொல்ல ஏதாவது வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழித்துவிட்டாயா என்று அவள் தினமும் கேட்டது மானத்துக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

என்ன சொல்கிறார் என்று தோழன் கேட்டான். சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. டேப்பைக் கேமராவில் போட்டு, அந்த இடத்துக்குத் தள்ளி, லென்ஸ் மூடியைப் போட்டபடியே பதிவை ஓடவிட்டான். அந்தக் காட்சி கறுப்பாகப் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அதோடு சரி.

திருவொற்றியூருக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியபோது நைனா டீக்கடை பெஞ்சில் இருந்தார். அவரைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நைனா, அம்மா அன்னிக்கு உன் மேல வுழுந்து அழுதுச்சே, அதுல..."

"கட்டி கீதுன்னு சொன்னா" என்றார் நைனா.

அவர் என்னைப் பார்க்காமல், வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங் காதாண்டதான சொன்னா, கேக்காம போவுமா? கண்ணத் தொறக்கணும்னு பார்த்தேன், தொறக்க முடியல. கை கால் வெளங்கல. நெசமாவே செத்துட்டேன்னு நெனச்சேன். அப்பால, மேளச் சத்தத்துல தப்பா கேட்டுக்கினேனோன்னு ஒரு நப்பாச. அதான் போட்டுக் காட்டு, போட்டுக் காட்டுன்னு உன்ன நச்சினேன்."

"அம்மாவயே கேட்டிருக்கலாமே நைனா."

"அவ செத்தவனாண்ட சொன்னா. உசுரோட கீறவனாண்ட சொல்வாளான்னு ஒரு வாரமா அவ மூஞ்சியே பார்த்துகினு கீறேன். சொல்ல மாட்டேங்கிறா."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வா என்று தலையை ஆட்டினார். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா அடுப்படியில் கீழே உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "அழிச்சிட்டியா?" என்று கேட்டாள். அழித்துவிட்டேன் என்றேன். அவள் உடம்பு தளர்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது.

நைனா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த மீனை வாங்கிக் கீழே வைத்தார்.

"இன்னாம்மே, நான் சாவல. இப்ப சொல்லு" என்றார்.