வெட்டுப்பட்ட ராஜாவுக்கு வந்த மவுசு

கள்ளக்குறிச்சியில் வெள்ளிக் கடை வைத்திருந்த என் முதலாளிக்குப் பழங்காசு வியாபாரமும் உண்டு. ரோமானிய வெள்ளிக் காசுகளை லென்ஸில் பார்த்து விலை சொல்வது என் வேலை. முதல் நாளே அவர் சொன்னார்: "எடையப் பாத்து வில சொல்லாத. வாங்க வர்றவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு." கேலி என்று நினைத்தேன். தொழிலே அதுதான்.

ரோமச் சக்கரவர்த்திகள் அகஸ்டஸ் காசும் டைபீரியஸ் காசும் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே தரத்து வெள்ளி. நம் பக்கம் இரண்டுமே அபூர்வமில்லை. ஆனாலும் டைபீரியஸுக்குத்தான் விலை ஜாஸ்தி. ரோமுக்கு வரி கட்டலாமா என்று கேட்டபோது இயேசு வாங்கிப் பார்த்த காசு அதுதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. உண்மையிலேயே அபூர்வமான ராணி காசு ஒன்று எங்கள் தட்டில் வருஷக்கணக்கில் தூங்கியது. அந்த அம்மாள் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லையாம். இவர்கள்தான் சரித்திரப் பிரியர்கள்!

1. சேதாரம்

களமருதூர் ஏழுமலை குத்தகை விவசாயி. கிணறு வற்றி, நட்ட நெல் வாடிக்கொண்டிருந்தது. போர் போடப் பணம் வேண்டும். சாமி மாடத்தில் பரம்பரையாக மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த இரண்டு காசுகளில் ஒன்றைக் கொண்டுவந்தான். ராஜாவின் கன்னத்தில் பழைய உளிவெட்டு. எங்கள் பெரிய வாடிக்கையாளரான சென்னைக் கண் டாக்டர் அப்போது கடையில் இருந்தார்.

"மூஞ்சியே போச்சேப்பா. இது சேதாரம். யார் வாங்குவா?" என்று விலையைப் பாதியாக அடித்தார். ஏழுமலை கொடுத்துவிட்டான். போர் போட அது போதவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் துள்ளிக்கொண்டு வந்தார். சென்னைக் கண்காட்சியில் அதே காசை மும்மடங்கு விலைக்குத் தள்ளியிருந்தார். "வெட்டுக்குத்தான் இப்ப மவுசு! தமிழ்நாட்டு வெட்டுன்னு போட்டி போடறாங்க!" கடன் கேட்க வந்து மூலையில் நின்ற ஏழுமலையின் காதிலும் அது விழுந்தது. சேதாரம் என்று சொன்ன அதே வாய். கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

2. புது வெட்டு

மறுநாள் காலை ஏழுமலை இரண்டாவது காசோடு வந்தான். டாக்டரும் லாட்ஜிலிருந்து ஓடிவந்தார்.

"இதுலயும் வெட்டு இருக்குதுங்க."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். கறுத்துப்போன காசில் வெட்டு மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அருமையான டைபீரியஸ். அப்படியே கொண்டுவந்திருந்தால் போரும் போட்டு மோட்டாரும் வாங்கியிருக்கலாம்.

"நீயா வெட்டின?" என்றேன்.

"ஆமாங்க. ராத்திரி வூட்ல உளி வெச்சு ஒரு போடு போட்டேன். வெட்டுனதுக்குத்தான் ஜாஸ்தின்னு நேத்து சொல்லிக்கினு இருந்தாரே?"

"நாசம் பண்ணிட்டியே, முட்டாள்!" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மொத காசுலயும் எவனோ ஒருத்தன் வெட்டுனதுதானேங்க? அவன் வெட்டுனா மவுசு, நான் வெட்டுனா நாசமா? இன்னாங்க இது?"

"அவன் வெட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா" என்றார் டாக்டர்.

"அது வரிக்கும் என் நெல்லு தாங்காதுங்க."

முதலாளி அதை உருக்கப் போட்டிருந்த பழைய கொலுசு, மெட்டியோடு சேர்த்து வெறும் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொண்டார். பயிர் கருகிப்போனது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். காசு கொண்டுவருகிறவனிடம் முதல் வார்த்தையாக, "வீட்டில் இன்னும் இருந்தால் அதைத் தொடாதே" என்று சொல்லுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.