பரோட்டா மாஸ்டரின் களி

வேங்கிக்காலில் உள்ள ஓர் ஓட்டலில் அன்பரசன் பதினெட்டு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். தினமும் வேலை முடிந்ததும் ஆறு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். நாற்பத்து நான்காவது வயதில் ஒருநாள், அடுப்பின் முன் நின்றபடியே அவருக்குத் தலை சுற்றியது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், சர்க்கரை வந்துவிட்டது என்றார்.

அவரால் வேலையை விட முடியாது. மனைவி கவிநிலாதான் வழி சொன்னாள்.

"கடைக்குப் போறதுக்கு முன்னாடியே வயிறு ரொம்பிடட்டுங்க. அப்புறம் பரோட்டா மேல கண்ணு போகாது."

கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைக் கூட்டு, ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாலைச் சாப்பாடு மாறியது. முதல் வாரம் சால்னா வாசனை வந்தபோதெல்லாம் அன்பரசன் தண்ணீர் குடித்துச் சமாளித்தார். பிறகு பழகிவிட்டது.

"மாஸ்டர், நீங்களே சாப்பிடலன்னா நாங்க எப்படி நம்பிச் சாப்பிடறது?" என்று ஒரு வாடிக்கையாளர் சிரித்தார்.

"நீங்க எப்பவோ ஒருநாள் வர்றீங்க. நான் தினம் சாப்பிட்டேன், ஜாஸ்தியாயிடுச்சுங்க!"

ஆறு மாதத்தில் எடை எட்டு கிலோ குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு ஞாயிறு காலை இருவரும் கிரிவலம் கிளம்பினார்கள். பாதி வழியில் கவிநிலா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்பரசனுக்கு வியர்க்கக்கூட இல்லை.

"களியைக் கிண்டினா மட்டும் போதாதும்மா, நீயும் சாப்பிடணும்" என்று சொல்லி அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கினார்.