ஊரார் வீட்டுக் கடுதாசி

காகிதத்தை முதலில் முகர்ந்து பார்ப்பார். படிப்பதெல்லாம் பிறகுதான். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைக் கடிதத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, மூச்சை இழுத்து, புதிதாக அரைத்த காப்பிப் பொடியை அங்கீகரிப்பவர் போலத் தலையாட்டுவார் பத்மநாபன். "ஆயிரத்து எழுநூறுகள்ல எழுதினது சார். வாசனையே சொல்லிடும்." ஜலதோஷம் பிடித்திருக்கும் வாரங்களில் அவர் எதையும் வாங்குவதில்லை.

நியூ ஜெர்சியில் ஒரு மயிலாப்பூர்க்காரர் சனிக்கிழமை காலையில் கோவிலுக்குப் போகலாம், காஸ்ட்கோ கடைக்குப் போகலாம். இவர் எஸ்டேட் சேலுக்குப் போவார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வீட்டைத் திறந்துபோட்டு ஸ்பூனிலிருந்து சோபா வரை விற்பார்கள். மற்றவர்கள் சோபாவைச் சுற்றி நிற்கும்போது இவர் பரணில் ஏறுவார். அந்தப் பிள்ளைகளே வேண்டாமென்று ஒதுக்கிய கொள்ளுத்தாத்தாக்களின் கடிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவார்.

பகலில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டேட்டாபேஸைக் காக்கிறார். மாலையில் தன் பேஸ்மென்ட்டில் அமெரிக்காவைக் காக்கிறார். அங்கே ஆசிரியர் கையெழுத்திட்ட புத்தகங்கள் மட்டும் ஓர் அலமாரி நிறைய உண்டு. ஒன்றையும் திறந்ததில்லை. "படிச்சா பைண்டிங் போயிடும் சார்" என்பார், படித்துக் கெட்டுப்போனவர்களைப் பார்க்கும் இரக்கத்தோடு.

அவருக்கு உயிரான சொல் ப்ராவனன்ஸ். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு. "ஜாதகம் மாதிரி சார். அது இல்லேன்னா குப்பை." பக்கத்துத் தெரு மயில்சாமி, பல்லடத்திலிருந்து கொண்டுவந்த வெண்கலச் செம்பை ஒருநாள் ஆசையாகக் காட்டினார். நூறு வருஷப் பழசென்று அவர் அப்பா சொல்லியிருக்கிறார். "அப்பா சொன்னதெல்லாம் எவிடென்ஸ் ஆகாது" என்று பத்மநாபன் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மயில்சாமி அதை வாங்கிக்கொண்டு, "ஏனுங்க சார், அவனவன் குடும்பச் சண்டைய அவனவனே படிக்கறதில்லீங்க. நீங்க காசு குடுத்துப் படிக்கறீங்களே!" என்றார். இவருக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது.

சேகரிப்பின் மகுடம், ப்ருடென்ஸ் பெல்டிங் என்ற பண்ணைப் பெண் அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் தன் அக்காவுக்கு எழுதிய ஒற்றைத்தாள். உப்பு கிடைக்கவில்லை, பல் வலிக்கிறது, காயம்பட்ட சிப்பாய்ப் பையன் ஒருவனைச் சமையலறையில் கிடத்தியிருக்கிறோம், கலப்பையை மைத்துனன் இன்னும் திருப்பித் தரவில்லை. அவ்வளவுதான். அந்தக் காலத்து எஸ் எழுத்து சில இடங்களில் எஃப் போல நீண்டு நிற்கும். பத்து வருஷம் சேகரித்தும் அது இவருக்குப் பிடிபடவில்லை. 'ப்ளெஸ்ஸிங்' என்பதை 'ப்ளெஃப்ஸிங்' என்றே பக்தியோடு வாசிப்பார். "ப்ருடென்ஸுக்கு அக்கா மேல உள்ளூர ஒரு பொறாமை சார்" என்று ரகசியக் குரலில் சொல்வார். சொந்த மைத்துனியின் பிள்ளைகள் பெயரைக் கேட்டால் மனைவி காமாக்ஷியைத் திரும்பிப் பார்ப்பார்.

நாட்டின் இருநூற்றைம்பதாவது ஆண்டுக்கு உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒரு கண்காட்சி அறிவித்தது. பத்மநாபனுக்கு அதன் பிறகு தூக்கம் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பெல்டிங் கடிதம், அதன் கீழே 'பத்மநாபன் சேகரிப்பிலிருந்து' என்று ஒரு அட்டை. கிரீன் கார்டுக்குக்கூட அவர் இப்படி ஏங்கவில்லை என்று காமாக்ஷி சொல்கிறார்.

அந்த ஏக்கத்தில்தான் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களோடு கடிதமும் மணையில் ஏறியது. பொட்டு வைக்கும் நேரத்தில் அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினார்.

"ஏன்னா, கவர் மேலயே வைங்கோளேன்" என்றார் காமாக்ஷி.

"பிளாஸ்டிக்குக்கா பொட்டு வைப்பா? சரஸ்வதி கவர்லயா இருக்கா?"

குழைத்த சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தார். சந்தனத்தின் ஈரம் தாளில் இறங்கியது. பதறிப்போய் ஈர டிஷ்யூவால் துடைத்தார். சிவப்பு இழுபட்டு, பல்வலி வரி வரைக்கும் ஓடி நின்றது. காமாக்ஷி எட்டிப் பார்த்தார். "பொட்டா இருந்துது. இப்போ காயமா ஆயிடுத்து."

ஆறு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து மார்கரெட் என்ற அம்மாள் கடிதங்களைப் பார்வையிட வந்தார். சங்கத்தின் தன்னார்வலர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அக்கம்பக்கத்தார் என்ற முறையில் எனக்கும் மயில்சாமிக்கும் காப்பியும் முறுக்கும் தரப்பட்டன, வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. பத்மநாபன் மற்ற கடிதங்களைக் காட்டிப் பேச்சை நீட்டிப் பார்த்தார். கடைசியில் பெல்டிங் கடிதத்தை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. மார்கரெட் கறையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பத்மநாபன் முகத்தில் ரத்தம் இல்லை. மார்கரெட் வரிகளைப் படித்துக்கொண்டே வந்து, சமையலறையில் கிடந்த சிப்பாயிடம் நின்றார். கை தானாக வாய்க்குப் போனது. ஒருவேளை இது அந்தப் பையனின் ரத்தமாக இருக்குமோ என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் கடிதம் கெட்டது, பெட்டியும் அட்டையும் போயின. இன்னொருவர் இதே கதையோடு வந்திருந்தால் பத்மநாபன் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்! தேதி கேட்டிருப்பார், சாட்சி கேட்டிருப்பார். இப்போது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாஸிபிள்" என்றார்.

மயில்சாமி முறுக்கைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தார்.

கண்காட்சித் திறப்பன்று பெல்டிங் கடிதம் நட்ட நடுவில், தனி விளக்கின் கீழ் இருந்தது. 'காயமுற்ற வீரனின் குருதி எனக் கருதப்படுகிறது' என்று எழுதிய அட்டையில் பத்மநாபன் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. புதுக் கோட்டுப் போட்டிருந்தார். காமாக்ஷி கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்னா, அந்த மாமிகிட்ட சொல்லிடுங்கோ. பாவம், நம்பிண்டிருக்கா."

"ஷ்ஷ்! வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்."

அப்போது ஒரு முதியவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தார். எந்தப் போரிலோ சண்டையிட்டவர் என்று தொப்பியில் இருந்த எழுத்து சொன்னது. அட்டையை மெதுவாகப் படித்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சிவந்த தாளின் முன் தலைகுனிந்து நின்றார்.

பத்மநாபன் மனைவியைப் பார்க்கவில்லை. ஓரடி நகர்ந்து முதியவரின் பக்கத்தில் போய் நின்றார். வலது உள்ளங்கையைப் புதுக் கோட்டின் மேல், நெஞ்சுக்கு நேராக வைத்து, அவரைவிடச் சற்று அதிகமாகவே தலை குனிந்தார்.