வசாய் கோட்டையும் பத்துப் பொட்டலங்களும்

1963 டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மாட்டுங்காவில் வானம் மேகமில்லாமல் வெளுத்திருந்தது. பம்பாய்க்கு அது குளிர். ஆனால் ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர் இல்லை. அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என் சந்தேகம் அந்த வேட்டியில்தான் தொடங்கியது.

கோட்டை பார்க்கப் போகிறவருக்குப் புது வேட்டி எதற்கு? பாளையங்கோட்டையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர் அவர். அங்கே மிச்சமிருந்த கோட்டைச் சுவரைத் தினம் இரண்டு முறை தாண்டிப் போனவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. எழுபது வயதில், முழங்கால் வலியோடு, பறங்கியர் கட்டிய வசாய் கோட்டையின் மேல் திடீரென்று அப்படி என்ன பிரியம்?

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. முதலில் வந்த ஜாதகம் ஒன்றில் பெண்ணின் வயதை இரண்டு வருஷம் குறைத்து எழுதியிருந்தார்கள். நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து பெண் பார்க்க எந்த வீட்டுக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா விடவில்லை. நான் போகாவிட்டால் பெண் வரட்டும் என்று, தற்செயலாக நடப்பதுபோல் ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டார். தூணுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். நவராத்திரிக்குச் செம்பூரில் சுண்டல் சாப்பிடக் கூட்டிப்போனார். ஒரு பெண் பாடினாள். காபி குடிக்கப் போனோம். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரவா தோசை சாப்பிட்டது. மூன்று முறையும் மறுத்துவிட்டேன். இவ்வளவு ஒளித்துக் காட்டுகிறார்கள் என்றால் ஒளிக்கவேண்டியது ஏதோ இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த முறை ஊரிலிருந்து வந்து நாற்பது நாள் தங்கினார். புதன்கிழமை மெட்ராஸ் மெயிலில் திரும்பிப் போகிறார். "இனி ரயிலேற ஒடம்பு எடங்குடுக்காது" என்று சொல்லியிருந்தார். அதாவது, எனக்குக் கல்யாணம் செய்துவைக்க அவருக்கு மிச்சமிருந்தது மூன்றே நாள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஏண்டா, அந்த டெரிலின் சட்டையைப் போட்டுண்டு வரப்படாதா?" என்றார்.

"கோட்டைச் சுவர் என் சட்டையைப் பாத்து என்ன பண்ணப் போறது?"

"சுவர் பாக்காது. மனுஷா பாப்பா."

"எந்த மனுஷா?"

அப்பா வானத்தைப் பார்த்தார். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆத்துக்குத் திரும்பிடணும். கெளம்பு."

சாப்பாட்டுக்கு முதல் நாளே மெஸ்ஸில் சொல்லிவைத்திருந்தார். பையை நான் வாங்கிக்கொண்டபோது கனத்தது. தாதர் ஸ்டேஷனில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் சமயம் பார்த்துத் திறந்து எண்ணினேன். புளியோதரை ஐந்து, தயிர் சாதம் ஐந்து. பத்துப் பொட்டலங்கள்.

"அப்பா, ரெண்டு பேருக்குப் பத்தா?"

"கடல் காத்து. பசிக்கும்."

பஸ்ஸீன் ரோடு என்று பலகை போட்டிருந்த வசாய் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் பிளாட்பாரத்தில் முன்னும் பின்னும் பார்த்தேன். நெற்றியில் விபூதியோ நாமமோ, ஒன்பது கஜமோ கண்ணில் படவில்லை. அதனால் நிம்மதி வரவில்லை. முந்தின ரயிலில் வந்திருக்கலாம்.

குதிரை டாங்காவில் போனோம். வழியில் இரண்டு பக்கமும் மூங்கில் கொடிகளில் மீன் காய்ந்தது. அப்பா அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரொம்ப நன்னாருக்கு" என்றார். டாங்காக்காரனுக்குக்கூட அது நம்பும்படியாக இருந்திருக்காது.

கோட்டை பெரியதுதான். கூரை போன மாதாகோயில்கள், சுவரைப் பிளந்து இறங்கிய ஆல விழுதுகள், முழங்கால் உயரப் புல். அப்பா ஒரு சுவரையும் நின்று பார்க்கவில்லை. வளைவு வளைவாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். இடம் தேடுகிறாரா ஆளைத் தேடுகிறாரா என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு மாதாகோயிலுக்குள் தரையில் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள் பதிந்திருந்தன. அவற்றை எண்ணினேன். பதினொன்றாவது கல்லில் காலை வைத்தபோது தமிழ் கேட்டது.

"செருப்பைக் கழட்டிட்டு ஒக்காருடி. கோயில் கோயில்தான், யார் கட்டினா என்ன?"

மூன்று பேர். கோட்டு போட்ட ஐம்பத்தைந்து வயதுக்காரர், அவர் மனைவி, இருபத்தாறு இருபத்தேழு வயதில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு பெண். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு சுவரை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரர் எழுந்து வந்தார். "மணி என்ன ஆறது சார்?"

அவர் கையிலேயே கடிகாரம் இருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "நின்னு போயிடுத்து. சாவி குடுக்க மறந்துட்டேன்."

"பதினொண்ணு பத்து" என்றேன்.

"மாட்டுங்காவா? நான் அப்பவே நெனச்சேன். நாங்க அம்பர்நாத். ஃபாக்டரியில ஸ்டோர்ஸ் பாக்கறேன். பூர்வீகம் எங்கே?"

"திருநெல்வேலிப் பக்கம்" என்றார் அப்பா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அட! எங்காத்துல அவளுக்கு அம்பாசமுத்திரம். உங்களுக்கு என்ன கோத்ரம்?"

கோத்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. கல்யாணப் பேச்சில் அதைத்தானே முதலில் கேட்பார்கள்.

"போதும்" என்றேன். "நீங்க எதுக்கு வந்திருக்கேள்னு எனக்குத் தெரியும்."

"கோட்டை பாக்க வந்திருக்கேன். வேற எதுக்கு?"

"பொண்ணைக் காட்ட வந்திருக்கேள். எங்கப்பாவும் நீங்களும் பேசிவெச்சுண்டு வந்திருக்கேள். இது நாலாவது தடவை. யார்கிட்ட மறைக்கறேள்?"

அந்த மாமி கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். பெண் கொய்யாப்பழத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

"யாருக்குக் காட்ட? இவருக்கா?" என்றாள் தன் அப்பாவிடம். "அரே வா! காட்டறதுக்கு நான் என்ன சர்க்கஸா? அம்மா, இவர் அப்பவே பிடிச்சு நம்மளை ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிண்டிருந்தார். சங்கிலி அறுக்கறவன்னு நீகூட சொன்னியே."

"மெதுவாத்தானேடி சொன்னேன்" என்றாள் மாமி.

"சார், கோத்ரம் கேக்கறது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்" என்றார் கோட்டுக்காரர். அவர் முகம் சிவந்துவிட்டது.

"டிக்கெட் செக்கரைக்கூடக் கேப்பார்" என்றாள் பெண். "அவன் பஞ்சாபி."

அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மூவரையும் பார்த்துக் கைகூப்பினார். கோயிலுக்கு வெளியே அவர் யாரையும் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

"க்ஷமிக்கணும். எம்புள்ளைக்கு எல்லாரையும் சந்தேகப்படறது ஒரு வியாதி. சரியா வளக்கத் தெரியலை எனக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவை நான் ஒண்ணும் பண்ணலைடா. கோட்டை பாக்கத்தான் வந்தேன். புதன்கிழமை போயிடறேன். இனிமே இந்தப் பேச்சே கிடையாது. நிம்மதியா இரு."

இந்த வாக்குறுதியைத்தான் இத்தனை வருஷமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நின்றேன், வரவில்லை. அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் நிமிரவில்லை. அந்தப் பெண் கொய்யாவை எறிந்துவிட்டு வந்து அவருடைய இடது முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா எழுந்துக்கோங்கோ மாமா." என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் பிடிங்கோ. அதையும் எண்ணிட்டுத்தான் பிடிக்கணுமா?" என்றாள்.

கோட்டை வாசலில் ஒரே ஒரு டாங்காதான் நின்றது. ஐந்து பேரும் அதில்தான் ஏற வேண்டியிருந்தது. காய்கிற மீனைத் தாண்டி, ஸ்டேஷனுக்குப் பாதி தூரம் வந்துவிட்டோம். கோட்டுக்காரர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். என்ன கேட்க வாய் துடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் அப்பாவே, கேட்காமலேயே, "பாரத்வாஜம்" என்றார்.

"நாங்க கௌசிகம்" என்றார் அவர், பெருமூச்சு விட்டுக்கொண்டு.

"அப்பா!" என்றாள் பெண்.

வேறு வேறு கோத்திரம். நான் டாங்காக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரயில் வர ஐம்பது நிமிடம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவர்கள் கையில் சாப்பாடு எதுவும் இல்லை என்று கவனித்தேன். தமிழ்க் குடும்பம் ஒன்று, பகல் முழுவதும் வெளியூரில் சுற்றக் கிளம்பி, கட்டுச்சாதம் இல்லாமல் வருமா? எனக்குள் பழைய சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கண்ணாலேயே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"கட்டிண்டுதான் வந்தோம்" என்றாள் மாமி, கோட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்து. "நாலடுக்குக் கேரியர். ரயில்லயே விட்டுட்டு எறங்கிட்டார்."

"அடடா" என்றார் அப்பா. பையை மடியில் வைத்துப் பிரித்தார். ஆளுக்கு ஒரு புளியோதரை, ஆளுக்கு ஒரு தயிர் சாதம். பத்தை ஐந்தால் வகுத்தேன். மீதி ஒன்றும் இல்லை.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் அறியாதவர்போல நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் சொன்னார். "செவ்வாய்க்கிழமை அம்பர்நாத் போய் அவாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு. இல்லேன்னா எனக்கு ரயில்ல தூக்கம் வராது." கோட்டுக்காரர் பிளாட்பாரத்தில் சொன்ன விலாசத்தை அவர் ஒரு முறை கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். ரேஷன் கார்டு எங்கே வைத்தோம் என்பது மூன்று நாளைக்கு ஒரு முறை மறந்துபோகும் மனிதர்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் ஆறு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு அறை வீடு. கோட்டுக்காரர் கோட்டு இல்லாமல் சிறுத்துத் தெரிந்தார். நான் யோசித்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். "அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு, ஒக்காருங்கோ" என்றார். உள்ளேயிருந்து அந்தப் பெண் ஒரு தட்டோடு வந்தாள். சாதாரண நூல் புடவை. தட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும்.

எங்கள் வீடுகளில் அந்தத் தட்டுக்கு ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைப்பது. யார் வீட்டுக்கும் பெண் பார்க்கப் போகமாட்டேன் என்றவன், ஆப்பிள் வாங்கிக்கொண்டு, தானாக ரயிலேறிப் போய், அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"பயப்படாதீங்கோ" என்றாள். "அம்மாவுக்கு வேற டிபன் பண்ண வராது. எண்ணியாச்சா?"

"ஏழு" என்றேன்.

"எட்டு வெச்சேன். ஒண்ணை அப்பா எடுத்துட்டார். அவர்மேல சந்தேகப்படுங்கோ."

சிரிப்பு வந்தது. அதை மறைக்கத் தலையை மேலே தூக்கினேன். அலமாரியில் நாலடுக்குக் கேரியர் ஒன்று இருந்தது.

அவளும் பார்த்துவிட்டாள். "அது புதுசு. நேத்திக்கு வாங்கினது" என்றாள், கொஞ்சம் வேகமாக.

நேற்று வாங்கிய கேரியரின் மூடி நசுங்கியிருந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த துணி எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. கோட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பெண் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரதோஷத்திலிருந்து ரவா தோசை வரை நான் கையில் பிடிக்க முடியாமல் போன சாட்சியம், நாலடுக்காக எதிரே இருந்தது. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். கல்லில் உட்கார்ந்து கைகூப்பிய கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். அந்தக் கைகூப்பலும் ஏற்பாட்டில் ஒரு பகுதியா என்பதை இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் முழங்கால் வலி நிஜம். அவள் பிடித்த பிடியும் நிஜம்.

"நல்ல கேரியர்" என்றேன்.

அவள் சமையலறைக்குள் போய் எட்டாவது பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்தாள்.

புதன்கிழமை அப்பா மெட்ராஸ் மெயிலில் போகவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. வரதட்சிணை ஒரு பைசா வாங்கக்கூடாது, கல்யாணச் செலவில் பாதியை நான் கொடுக்கவேண்டும் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். "கோட்டையில பேசின பேச்சுக்கு அபராதம்" என்றார். சம்பந்தி வீட்டாரும் ஒப்புக்கு ஒரு முறைகூட மறுக்கவில்லை. அதுவும் பேசிவைத்ததுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா கடைசிவரை ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். மாமனாரிடம் கேட்டபோதெல்லாம் மணி என்ன என்று கேட்டார். என் மனைவி தனக்கு எதுவும் தெரியாது என்கிறாள். அந்தக் கேரியர் எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டால் மூன்று முறை மூன்று கடை சொல்லியிருக்கிறாள். நான் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

ரயில் கட்டணம், ஐந்து பேருக்கும் நான் கொடுத்த டாங்கா வாடகை, பொட்டலங்கள், ஆறு ஆப்பிள், ரத்து செய்த மெட்ராஸ் டிக்கெட்டில் பிடித்துக்கொண்டது, கல்யாணச் செலவில் என் பாதி, எல்லாம் சேர்த்து வசாய் கோட்டை பார்த்த வகையில் எனக்கு ஆன செலவு: ஆயிரத்து இருநூற்று ஏழு ரூபாய் நாற்பது நயா பைசா.